உயரத்தில் மாட்டிய எல்.இ.டி. விளக்கு மங்கலாகத் தெரிந்தால்: செட்டிநாட்டு வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துப் பெரிய வீடுகளில் விளக்கைப் பற்றிக் கேட்கும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: புதிய எல்.இ.டி. பல்பு மாட்டியும் வெளிச்சம் போதவில்லை என்பது. உடனே 9 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 15 வாட் பல்பை மாட்டுகிறார்கள். அதுவும் போதவில்லை என்றால் 30 வாட் ஃப்ளட் லைட்டுக்குப் போகிறார்கள். இந்த வீடுகளில் குறை பெரும்பாலும் வாட்டில் இருப்பதில்லை. விளக்குக்கும் கீழே வேலை நடக்கும் இடத்துக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் இருக்கிறது. பெரிய கூட்டத்துக்கும் பகல் வெப்பத்துக்கும் ஏற்றபடி உயர்த்திக் கட்டிய கூடங்கள் இவை. பத்தடி உயரக் கான்கிரீட் அறைக்காக வடிவமைத்த பல்பை அங்கே அப்படியே மாட்டினால் அது மங்கலாகத்தான் தெரியும். ஆகவே பல்பை மாற்றுவதற்கு முன் அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிரித்தறிய வேண்டும்.

தொடங்கும் முன் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது தூரம். தரையிலிருந்து கூரை வரை அளப்பது போதாது. விளக்கின் முகத்திலிருந்து வெளிச்சம் தேவைப்படும் பரப்பு வரை அளக்க வேண்டும். மேசையில் படிப்பவருக்கு அந்தப் பரப்பு தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. ஜமுக்காளம் விரித்துப் பூத்தொடுப்பவருக்கும், பனையோலைக் கொட்டான் முடைபவருக்கும் அது ஏறக்குறைய தரையேதான். இரண்டாவது, பல்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமன் எண். வாட் என்பது பல்பு உண்ணும் மின்சாரத்தின் அளவு; அது வெளிவிடும் மொத்த ஒளியின் அளவே லூமன். மூன்றாவது, பரப்பில் விழும் ஒளியின் அளவாகிய லக்ஸ். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். ஒளியுணரி உள்ள கைபேசியில் இலவசச் செயலி ஒன்றை நிறுவினால் இதைப் பார்க்கலாம். அந்த எண் துல்லியமானதல்ல என்றாலும், ஒரே கைபேசியை வைத்து இரண்டு இடங்களை ஒப்பிடுவதற்கு அது தாராளமாகப் போதும். கண்ணை நம்பி ஒப்பிட வேண்டாம். வெளிச்சம் பாதியாகக் குறைந்தாலும் கண் உடனே பழகிக்கொண்டு அதைப் பெரிய குறையாகக் காட்டாது.

அறிகுறி: அறையில் பளிச்சென்று எரியும் பல்பு, அதையே முகப்பில் மாட்டினால் மங்கிவிடுகிறது

பல்பு கெட்டுவிட்டதோ, முகப்புக்குப் போகும் ஒயரில் மின்னழுத்தம் குறைகிறதோ என்ற ஐயம் முதலில் எழும். அதற்கு முன் தூரத்தின் பங்கைப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. விளக்குக்கு நேர் கீழே தரையில் கைபேசியை வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே இடத்தில் உறுதியான முக்காலி ஒன்றைப் போட்டு அதன்மேல் வைத்து மீண்டும் பாருங்கள். முக்காலியின் மேல் அளவு கணிசமாக ஏறினால் தூரம் வெளிச்சத்தைக் குறைக்கிறது என்று பொருள். சற்றும் ஏறாவிட்டால், அங்கே இருக்கும் வெளிச்சம் விளக்கிலிருந்து நேரே வருவதன்று, சுவரில் பட்டுத் திரும்புவது என்று பொருள். அதற்கான தீர்வு வேறு அறிகுறியின் கீழ் வருகிறது.

தூரம் இவ்வளவு வேலை செய்வதற்குக் காரணம், ஒளி விரிந்து பரவுவதுதான். சிறிய விளக்கிலிருந்து தூரம் இரு மடங்கானால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் விழ வேண்டியிருப்பதால் ஓரிடத்துக்குக் கிடைப்பது நான்கில் ஒரு பங்காகிறது. தூரம் மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. 900 லூமன் பல்பு ஒன்று தன் ஒளி முழுவதையும் கீழ்நோக்கிய அரைக்கோளத்தில் சீராகப் பரப்புகிறது என்று வைத்துக்கொண்டால், அதன் செறிவு, அதாவது ஒரு திசையில் செல்லும் ஒளியின் வலிமை, ஏறத்தாழ 143 கேண்டெலா ஆகும். கேண்டெலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் நேர் கீழே விழும் லக்ஸ் கிடைக்கும். பத்தடிக் கூரையுள்ள அறையில், பல்புக்கும் மேசைக்கும் இடையே 2.25 மீட்டர் இருந்தால் மேசையில் 28 லக்ஸ். பதினான்கு அடிக் கூரையுள்ள கூடத்தில், தரையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தூரம் 4.2 மீட்டர், அங்கே கிடைப்பது 8 லக்ஸ் மட்டுமே. பல்பும் மின்சாரமும் மாறவில்லை, வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. சுவரிலிருந்து திரும்பி வரும் ஒளி இந்தக் கணக்கில் சேரவில்லை. சிறிய வெள்ளை அறையில் அது நிறையச் சேர்ந்து பல்பைத் தாங்கிப் பிடிக்கும். பெரிய கூடத்தில் அந்த உதவி குறைவு. வசதியாகப் படிப்பதற்கு 300 லக்ஸ் அளவு வேண்டும் என்று கொள்வது வழக்கம். எட்டு லக்ஸுக்கும் முந்நூறுக்கும் இடையே உள்ள தூரத்தை வாட்டைக் கூட்டிக் கடக்க முயல்வது வீண் செலவு.

சரிசெய்யும் வழி, விளக்கை இறக்குவதே. 4.2 மீட்டர் உயரத்திலிருந்து ஐந்தடி, அதாவது 1.5 மீட்டர் கம்பியிலோ சங்கிலியிலோ தொங்கவிட்டு 2.7 மீட்டருக்குக் கொண்டுவந்தால், அதே பல்பு நேர் கீழே 2.4 மடங்கு வெளிச்சம் தரும். மின்கட்டணம் ஒரு பைசாவும் ஏறாது. பழைய வீடுகளில் சரவிளக்குத் தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகள் பல இடங்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றின் உறுதியைச் சோதித்துப் பார்த்து அவற்றையே பயன்படுத்திக்கொண்டால், பர்மாத் தேக்கு உத்திரத்தில் புதிதாகத் துளையிட வேண்டிய தேவை இராது. அந்த மரத்தில் தேவையில்லாமல் ஒரு துளைகூட விழக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. விளக்கின் எடை சங்கிலியிலோ கம்பியிலோ நிற்க வேண்டும்; மின்சார ஒயர் எடையைத் தாங்கக் கூடாது. நடக்கும் வழியில் தொங்கவிடுவதானால் விளக்கின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே ஏழடிக்குக் குறையாமல் இடம் விடுங்கள்.

இறக்க முடியாத இடங்களும் உண்டு. ஓவியம் தீட்டிய கூரையின் கீழே ஐந்தடிக் கம்பி தொங்குவது அந்த அழகைக் கெடுக்கும் என்று வீட்டார் நினைத்தால் அந்த நினைப்பு நியாயமானதே. அப்படியானால் கூரை விளக்கைப் பொதுவான மெல்லிய வெளிச்சத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, படிக்கும் இடத்துக்குத் தரையில் நிற்கும் விளக்கு ஒன்றைத் தனியே வைப்பது நல்லது. விளக்குக்கும் கொட்டான் முடைபவரின் கைக்கும் இடையே ஒரு மீட்டர்தான் தூரம் என்றால், அதே 143 கேண்டெலா பல்பு அவருக்கு 143 லக்ஸ் தரும். கீழ்நோக்கிய குடையும் இருந்தால் அதற்கும் மேலே.

டியூப் லைட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான்கடி டியூபுக்கு மிக அருகில் இருக்கும்போது தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் பாதியளவே குறையும், ஏனெனில் அது நீளமான ஒளிமூலம். இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் போனால் அந்தச் சலுகை மெல்ல மெல்ல மறைந்து, டியூபும் பல்பைப் போலவே நான்கில் ஒரு பங்குக் கணக்கை நெருங்கிவிடுகிறது.

அறிகுறி: நேர் கீழே வட்டமாக வெளிச்சம், சற்றுத் தள்ளினால் இருட்டு

இது ஒளிக்கற்றையின் கோணம் கூரையின் உயரத்துக்குப் பொருந்தாததால் வருவது. டவுன் லைட், ஸ்பாட் லைட் ஆகியவற்றின் பெட்டியில் 24, 36, 60 என்று டிகிரி எண் இருக்கும். நடுவில் உள்ள செறிவு பாதியாகக் குறையும் வரையிலான விரிவை அது குறிக்கிறது. 4.2 மீட்டர் தூரத்தில் 24 டிகிரி விளக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர் அகல வட்டத்தையும், 36 டிகிரி விளக்கு 2.7 மீட்டர் வட்டத்தையும், 60 டிகிரி விளக்கு ஏறத்தாழ 4.8 மீட்டர் வட்டத்தையும் தரையில் உண்டாக்கும். அதே 36 டிகிரி விளக்கை 2.7 மீட்டருக்கு இறக்கினால் வட்டம் 1.75 மீட்டராகச் சுருங்கிவிடும். முந்தைய அறிகுறிக்கு மருந்தாக விளக்கை இறக்கியவர்களுக்கு இந்த அறிகுறி புதிதாக முளைப்பது இதனால்தான்: இறக்கும்போது கோணத்தையும் அகலமாக்க வேண்டும்.

மாறாக, கூரையிலிருந்து இறக்கவே முடியாத விளக்குக்குக் குறுகிய கோணம் துணை நிற்கும். 900 லூமன் ஒளியை 60 டிகிரிக்குள் அடக்கும் விளக்கின் நடுச்செறிவு 700 முதல் 1000 கேண்டெலா வரை இருக்கலாம்; 4.2 மீட்டரில் அது 40 முதல் 57 லக்ஸ் வரை தரும். கீழ்நோக்கி எல்லாத் திசைகளிலும் ஒளியைச் சிதறவிடும் சாதாரணப் பல்பு அதே இடத்தில் தந்தது 8 லக்ஸ்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். உயரமான கூடத்துக்கு விளக்கு வாங்கும்போது லூமனோடு டிகிரியையும் கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் வாட்டை மட்டும் சொன்னால் பெட்டியைத் திருப்பி நீங்களே படித்துப் பாருங்கள்.

விளக்குகளுக்கு இடையே விடும் இடைவெளி, வேலை செய்யும் பரப்பிலிருந்து விளக்குக்கு உள்ள உயரத்தைப் போல ஒரு மடங்கிலிருந்து ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் அகலக் கோண விளக்குகள் தரும் வெளிச்சம் சீராக இருக்கும். குறுகிய கோண விளக்குகளை அதைவிட நெருக்கி வைக்க வேண்டும்.

அறிகுறி: வாட்டைக் கூட்டியும் தரை தெளியவில்லை, கண் மட்டும் கூசுகிறது

கூடத்தின் நடுவே 30 வாட் ஃப்ளட் லைட்டைக் கூரையில் கட்டிவிட்ட வீடுகளில் இதைக் காணலாம். மேலே பார்த்தால் கண்ணைக் குத்துகிறது. கீழே கோலப்பொடி வைத்திருக்கும் கிண்ணம் தெரியவில்லை. பெரிய ஒளியைச் சிறிய முகத்தின் வழியே விடும் விளக்கு பார்வைக்குள் வந்ததும் கண் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது; அப்போது மற்ற இடங்கள் முன்பைவிட இருண்டு தெரிகின்றன. மெருகேறிய ஆத்தங்குடிக் கல்லும் இத்தாலியப் பளிங்கும் விரித்த தளத்தில் அந்த விளக்கின் பிம்பம் அப்படியே தெரிவதால், குனிந்தாலும் கூச்சம் விடாது. பழைய பெல்ஜியம் கண்ணாடிகள் மாட்டியிருந்தால் பக்கவாட்டிலிருந்தும் அது வரும்.

ஒரு பெரிய விளக்குக்குப் பதிலாக அதே மொத்த லூமனைத் தரும் நான்கைந்து சிறிய விளக்குகளைப் பிரித்து, தாழ்வாக, பால் நிற மூடியுடன் வையுங்கள். உட்கார்ந்திருப்பவர் நேரே பார்க்கும் திசையில் ஒளிரும் முகம் தென்படாமல் இருந்தால் போதும், பாதி வெளிச்சத்திலும் கூடம் தெளிவாகத் தெரியும்.

அறிகுறி: விளக்கு நன்றாக எரிகிறது, ஆனால் கூடம் முழுவதும் கருமையாகவே இருக்கிறது

முக்காலிச் சோதனையில் அளவு ஏறாதவர்கள் இங்கே வர வேண்டும். வெள்ளையடித்த கூரை தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ எழுபது எண்பது விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். எண்ணெய் பூசிக் கறுத்த தேக்குக் கூரை பத்து முதல் இருபது விழுக்காட்டை மட்டுமே திருப்பும், எஞ்சியதை விழுங்கிவிடும். மேல்நோக்கி ஒளி விடும் கிண்ண விளக்குகளையும், எல்லாப் பக்கமும் ஒளிரும் உருண்டை விளக்குகளையும் தேக்குக் கூரையின் கீழே மாட்டினால், நாம் காசு கொடுத்து வாங்கிய ஒளியில் கணிசமான பங்கு மரத்துக்குள் போய் மறையும்.

அதே வீட்டிலேயே இதற்கான மருந்தும் இருக்கிறது. முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சுள்ள சுவர், நல்ல நிலையில் இருந்தால் ஒளியைச் சிறப்பாகத் திருப்பி அனுப்பும். ஆகவே கூரையை விட்டுவிட்டு, ஏழெட்டு அடி உயரத்தில் சுவர் விளக்குகளை வைத்து ஒளியைச் சுவரின் மேல் பரவவிடுங்கள். மெருகு மிகுந்த சுவரில் விளக்கின் பிம்பம் பளிச்சிடாதபடி பால் நிற மூடி இருக்கட்டும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: வெளிச்சம் கூடும் என்று தேக்குக் கூரைக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கச் சொல்பவர்களின் கணக்கு சரியானதே, ஆனாலும் அந்த யோசனையை ஏற்காதீர்கள். இரண்டு சுவர் விளக்குகளால் தீரும் குறைக்காக, திரும்பப் பெற முடியாத மரவேலையை இழக்க வேண்டியதில்லை.

அறிகுறி: வளவில் இரவில் ஒரு மூலை வெளிச்சம், மறு மூலை இருட்டு

வளவு, அதாவது வீட்டின் நடு முற்றம், திறந்த வெளி. மேல்நோக்கிச் செல்லும் ஒளி வானத்துக்குப் போகும். திருப்பி அனுப்பக் கூரை இல்லை. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் திருமணத்துக்கும் பந்தி போடும்போது நான்கு பக்கமும் சீராக வெளிச்சம் வேண்டும் என்பதால் இங்கே கணக்கு சற்று வேறுபடுகிறது. சாய்ந்து விழும் ஒளி பரந்த பரப்பில் படர்வதால் நேரே விழுவதைவிட மங்கலாக இருக்கும். அறிவியலாளர் லாம்பர்ட் 1760-இல் வகுத்துச் சொன்ன கோசைன் விதி இதுவே. சாய்வும் கூடுதல் தூரமும் சேர்ந்தால் வீழ்ச்சி கடுமையாகும். ஒரே உயரத்தில் இருக்கும் விளக்கிலிருந்து 45 டிகிரி சாய்வில் உள்ள தரைக்கு, நேர் கீழே விழுவதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேயும், 60 டிகிரி சாய்வில் எட்டில் ஒரு பங்கும்தான் கிடைக்கும்.

ஆகையால் தாழ்த்தினால் வெளிச்சம் கூடும் என்ற விதி வளவில் முழுவதும் பொருந்தாது. விளக்கை மிகவும் தாழ்த்தினால் அருகே பளிச்சென்றும் தொலைவில் கறுப்பாகவும் ஆகிவிடும். எல்லாப் பக்கமும் ஒரே அளவு ஒளிவிடும் விளக்கு ஒன்றிலிருந்து குறிப்பிட்ட தொலைவில் உள்ள தரைப் புள்ளிக்கு அதிக வெளிச்சம் கிடைக்க, விளக்கின் உயரம் அந்தத் தொலைவில் ஏறத்தாழ 0.7 மடங்கு இருக்க வேண்டும். தூணிலிருந்து 4 மீட்டர் தள்ளி இலை போடுவதானால் 2.8 மீட்டர் உயரம் சரியானது. அதையே ஐந்தடி உயரத்தில், அதாவது 1.5 மீட்டரில் கட்டினால் அந்த இலைக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் குறையும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கோ கண் கூசும். வளவைச் சுற்றியுள்ள தூண்களில் எதிரெதிராக, ஒரே உயரத்தில், கீழ்நோக்கித் திருப்பிய சிறிய விளக்குகளை வைப்பது, ஒரு மூலையில் பெரிய ஃப்ளட் லைட் கட்டுவதைவிட எப்போதும் மேலானது. திறந்த வெளியில் மழைச்சாரல் படும் என்பதால் தூசியும் நீரும் புகாத தரத்தைக் காட்டும் ஐ.பி. 65 என்று குறித்த விளக்குகளையே வாங்குங்கள்.

அறிகுறி: வாங்கியபோது இருந்த வெளிச்சம் இப்போது இல்லை

ஆண்டின் பெரும்பகுதி பூட்டியிருந்து விசேஷத்துக்கு மட்டும் திறக்கும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது தூசியும் ஒட்டடையும். உயரத்தில் இருப்பதாலேயே அந்த விளக்குகளை யாரும் துடைப்பதில்லை. மின்சாரத்தை அணைத்து, ஆறவிட்டு, ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள மற்றவர் ஏறி உலர்ந்த துணியால் துடைத்து, முன்னும் பின்னும் கைபேசியால் அளந்து பாருங்கள். துடைத்தும் ஏறாவிட்டால் பல்பைக் கழற்றி, தாழ்ந்த அறை ஒன்றில் அதே லூமன் உள்ள புதிய பல்போடு மாற்றி மாற்றி மாட்டி ஒப்பிடுங்கள்.

பழையது தெளிவாக மங்கியிருந்தால் வெப்பத்தின் மேல் ஐயம் கொள்ளலாம். சூடான காற்று மேலே சென்று தேங்குகிறது. செட்டிநாட்டுக் கோடையில் மாடியின் ஓட்டுக் கூரைக்கு அடியில் அது தணிவதே இல்லை. எல்.இ.டி. சில்லு சூட்டில் விரைவாக ஒளி இழக்கும். பல்புக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் என்ற சுற்றில் உள்ள மின்தேக்கி, வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் தன் ஆயுளில் ஏறத்தாழ பாதியை இழக்கும். காற்றுப் புகாத கண்ணாடி உருண்டைக்குள் 15 வாட் பல்பை மாட்டாதீர்கள். திறந்த குடைக்கு மாற்றுங்கள். விளக்கைச் சில அடி இறக்குவது இங்கேயும் நன்மையே தரும்.

அறிகுறி: மின்விசிறி சுழலும்போது வெளிச்சம் துடிக்கிறது

நீண்ட குழாயில் தொங்கும் மின்விசிறிக்கு மேலே கூரையில் விளக்கு இருந்தால், ஒவ்வொரு இறக்கையும் ஒளியை மறைத்து மறைத்து விடும். பல்பில் குறை எதுவும் இல்லை. விசிறியை நிறுத்தியதும் துடிப்பு நின்றால் இதுதான் காரணம். விளக்கை இறக்கைகளின் மட்டத்துக்குக் கீழே, அவற்றின் வட்டத்துக்கு வெளியே தள்ளி வையுங்கள்.

உயரத்துக்குத் தொடர்பில்லாத சில

சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மெல்ல ஒளிர்ந்தால், பேஸ் ஒயருக்குப் பதிலாக நியூட்ரலில் சுவிட்ச் கொடுத்திருக்கலாம், அல்லது நீண்ட தூரம் இணையாக ஓடும் ஒயர்களின் வழியே சிறு மின்னோட்டம் கசியலாம். முதலாவது ஆபத்தானது, அணைத்துவிட்டோம் என்று நம்பி ஹோல்டரைத் தொடுபவருக்கு அங்கே மின்சாரம் காத்திருக்கும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகளில், விசேஷ நாளில் கிரைண்டரும் பம்பும் ஓடும்போது கடைசிக் கட்டின் (வீட்டின் பின்பகுதியின்) பல்புகள் மட்டும் மங்கினால், அது ஒயரின் நீளத்தாலும் பழைமையாலும் வரும் மின்னழுத்த வீழ்ச்சி. நல்ல டிரைவர் உள்ள பல்பு அதைத் தாங்கி அதே வெளிச்சத்தைத் தரும். மலிவான பல்பு உடனே காட்டிக்கொடுக்கும். இந்த இரண்டு அறிகுறிகளில் எது தெரிந்தாலும் பல்பை மாற்றிக்கொண்டிராமல், உரிமம் பெற்ற ஒயர்மேனை அழைத்து மரப்பட்டியில் ஓடும் பழைய ஒயர்களையும் எர்த் இணைப்பையும் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.